துண்டுக்குள் விலை பேசும் வழக்கம் தொடரலாமா?

கிணற்றுமேடு:
திருப்பூர் மாவட்டக் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் கூடுகிற சந்தை, காங்கேயம் மாடுகளுக்கென்றே பேர்போனது. ஆனால் கொங்குச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதை மரபு என்று கொண்டாடுவது தவறு. தரகர் முதலில் விற்பவர் கையைப் பிடிக்கிறார், அப்புறம் வாங்குபவர் கையை. இடையில் எவ்வளவு நின்றதென்று மாட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது.

வண்டிப்பாதை:
அது துண்டின் குற்றம் இல்லைங்க. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஆயிரமா நூறா என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும், பிசகுவது அங்கேதான். கேட்ட விலை வெளியே தெரியாததால்தான், பேரம் முறிந்தாலும் அடுத்து வருபவரிடம் மாட்டின் மதிப்பு இறங்குவதில்லை. ஏலம்போல் கூவினால், விலை படியாத மாட்டை எல்லோரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகக் கை கொடுக்கட்டும். அச்சாரமும் தரகர் வழியாகப் போக வேண்டாம், தரகைத் தனியாகக் கொடுத்துவிடலாம்.

கிணற்றுமேடு:
நேரடிக் கை என்றால் எனக்கு மறுப்பில்லை. தரகர் விடுவாரா?

கடைவாய்ப்பல்:
இரண்டு பேரும் கையையே பார்க்கிறீர்கள். பழைய சந்தையில் நம்பிக்கை வந்தது, மாட்டோடு பல நாள் தங்கியதால். கொம்பைச் சீவி வண்ணம் பூசிவிட்டால் வயதைக் காட்டும் வளையம் மறைந்துவிடும், வயதைப் பல்லில்தான் பார்க்க வேண்டும்: பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் ஏறத்தாழ 2½ வயது, கடை சேர்ந்திருந்தால், அதாவது கடைசி முன்பல்லும் முளைத்திருந்தால், 4 தாண்டியது. கால் குறையைப் பல் சொல்லாது. விடியலில் மாடு படுத்து எழும்போது பார்க்க வேண்டும், கெட்டித் தரையில் நடத்தியும் பார்க்க வேண்டும். கறவையானால் கறக்கும் வேளையைத் தப்பவிட்டு மடியைத் தேக்கிக் கொண்டுவருவார்கள். மாலையும் மறுநாள் காலையும் கறந்தால் உண்மை வெளிப்படும். சில மணி நேரத்தில் கலைகிற வாரச்சந்தையில் இதற்கு வழியே இல்லை.

கிணற்றுமேடு:
பல நாள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் கோமாரி நோயும் சேர்ந்தே வருமே?

கடைவாய்ப்பல்:
வரும். அதனால்தான் சந்தைக்கு 3 வாரம் முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் போட்டால் எதிர்ப்புச் சக்தி உண்டாகாது. தண்ணீருக்குச் சொந்த வாளி போதும். வாங்கிய மாட்டை 3 வாரம் பட்டிக்கு வெளியே தனியாகக் கட்டுங்கள். வாயில் நுரையோ குளம்பிடுக்கில் புண்ணோ கண்டால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.