‘வாழிட மேம்பாடு’: வேறு சொல் பார்க்கலாமா?

ஐயா, வணக்கம்.

சொற்பட்டியலில், காட்டுயிர்கள் வாழும் இடத்தைச் சீராக்கும் வேலைக்கு ‘வாழிட மேம்பாடு’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். மேம்பாடு என்றதும் நம் ஆட்களுக்கு மரக்கன்றுதான் நினைவுக்கு வரும்.

கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் அமைந்ததே வெளிமானுக்காகத்தான். பெயரிலேயே வெளி இருக்கிறது. தூரத்தில் வருவதைக் கண்டு பாய்ந்தோட அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். சீமைக் கருவேலம் அடர்ந்தால் பார்வைக்குப் பச்சை கூடும், மானுக்கு இடம் குறையும். ஆக அங்கே வேலை நடுவதல்ல, பிடுங்குவது. வெட்டினால் அடிக்கட்டை துளிர்த்துவிடும். வேரோடு எடுத்தாலும், காயைத் தின்ற மாடும் குதிரையும் சாணத்தோடு விதையைக் கொண்டுவந்து சேர்க்கும். மழைக்குப் பிறகு மறுபடி ஆள் இறங்க வேண்டியதுதான்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கதை வேறு. நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன (இது நாட்டுக் கருவேல், குழப்பிக்கொள்ள வேண்டாம்). மரம் பட்டுப்போனால் அங்கே நடத்தான் வேண்டும்.

‘வாழிடத் திருத்தம்’ என்றும் யோசித்தேன். ஆனால் காடு திருத்துவது என்றால் நம் வழக்கில் காட்டை அழித்து வயலாக்குவது! ‘பண்படுத்தல்’ என்றால் ஏர் வந்து நிற்கிறது.

நடுவது, பிடுங்குவது, தூர் எடுப்பது, அதையே திரும்பத் திரும்பச் செய்வது. இதற்கெல்லாம் சேர்த்து ஏரிக்கரை ஊர்களில் புழங்கிய சொல் மராமத்து. அரபு வழி வந்தது என்று நீங்கள் தள்ளிவிடுவீர்கள் என்பதால், ‘வாழிடம் செப்பனிடல்’ என்று முன்வைக்கிறேன்.

---

தம்பி,

மரக்கன்று வாதம் சரி. ஆனால் ‘செப்பனிடல்’ என்றால் எனக்குக் குண்டும் குழியுமான சாலைதான் தெரிகிறது. அப்புறம், கலைச்சொல் என்றால் அதன்மேல் இன்னொரு சொல் ஏற வேண்டும். ‘வாழிடம் செப்பனிடல் திட்டம்’ என்று எழுதிப் பாருங்கள், இடறுகிறது. மதிப்பிடு ‘மதிப்பீடு’ ஆனதுபோல் செப்பனிடு ‘செப்பனீடு’ ஆகட்டுமே? வாழிடச் செப்பனீடு, வாழிடச் செப்பனீட்டுத் திட்டம்.

---

ஐயா,

‘செப்பனீடு’ எனக்குத் தோன்றவே இல்லை. அதையே வைத்துக்கொள்வோம். சாலை நினைவுக்கு வந்தால் வரட்டும், அதுவும் ஒவ்வொரு மழைக்கும் பழுதாகிறதுதானே. ‘மேம்பாடு’ கோப்புகளில் புழங்குவதால், அதைப் பழைய வழக்கு என்று பக்கத்தில் குறித்துவிடலாம்.