கத்தியின் முதுகில் பல் எதற்கு?

பொதிகைச்சாரல் எழுதியது:
கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. இரவில் பன்றிக் காவலுக்குப் போகும்போது உதவட்டும் என்று இணையக் கடை ஒன்றில் ‘சர்வைவல் கத்தி’ வாங்கினேன். குழல் போன்ற கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நரம்பும் ஊசியும் இருந்தன. மூடியில் திசைகாட்டி, முதுகில் ரம்பப் பல். மூன்றாம் நாள் காய்ந்த பனைமட்டையைப் பிளக்கும்போதே கைப்பிடி ஆடத் தொடங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால், அலகின் வால், அதாவது பிடிக்குள் இறங்கும் பகுதி, சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அதையும் ஒற்றை நட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ரம்பம் வேப்பங்கொம்பில் நாலு இழுப்புக்குமேல் ஓடாமல் சிக்கிக்கொண்டது. இவை யாவும் விற்பதற்காக ஒட்டவைத்த ஜோடனை என்பதே என் முடிவு.

கடனாநதி எழுதியது:
அண்ணாச்சி, நீங்கள் வாங்கிய கத்தி மட்டமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வடிவமைப்பையே ஜோடனை என்று தள்ளுவதை ஒப்ப மாட்டேன். முதுகுப் பல் மரம் அறுப்பதற்கென்று வந்ததன்று. அமெரிக்க விமானிகளுக்கு வழங்கப்பட்ட 5 அங்குல அலகுள்ள கத்தியில், விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்து வெளியேறுவதற்காகவே அது வைக்கப்பட்டது. மர ரம்பத்தில் பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருப்பதால் வெட்டுத்தடம் தகட்டைவிட அகலமாக விழும். கத்தி முதுகின் பற்கள் அப்படிச் சாய்ந்திருப்பதில்லை, ஆகவே அது மரத்தில் சிக்கத்தான் செய்யும். குழல் கைப்பிடியும் அப்படியே. புளோரிடாவின் ராண்டல் பட்டறை 1960களில் மாடல் 18 என்ற கத்தியை அடித்தபோது, வியட்நாம் போர்முனையில் பையை இழந்தவனுக்கும் இடுப்பில் நாலு பொருள் மிஞ்ச வேண்டும் என்ற தேவை மெய்யாகவே இருந்தது. மூட்டுதான் பலவீனம் என்றால், கிறிஸ் ரீவ் என்ற கத்தி வடிவமைப்பாளர் அலகையும் கைப்பிடியையும் ஒரே எஃகுத் துண்டிலிருந்து குடைந்தெடுத்து அந்த மூட்டையே இல்லாமலாக்கினார்.

பொதிகைச்சாரல் எழுதியது:
தம்பி, கடையத்தில் எந்த விமானம் விழுந்தது? அங்கே தேவையாக இருந்தது இங்கே ஜோடனையாகிவிடுகிறது என்றுதானே நானும் சொல்கிறேன். திசைகாட்டியைப் பாருங்கள்: மூடியைக் கழற்றித் தனியே வைத்தால் முள் வடக்கைக் காட்டுகிறது, அலகை அருகில் கொண்டுபோனால் எஃகின் பக்கம் திரும்பிவிடுகிறது. நமக்கோ மலை மேற்கே நிற்கிறது, ஆறு கிழக்கே ஓடுகிறது; இதில் முள் எதற்கு? பிடியின் கடைசிவரை ஓடும் முழுநீள வால் உள்ள கத்தி ஒன்றே கத்தி, மற்றவை பொம்மை.

பனங்காட்டான் எழுதியது:
கடைசி வரியில் அண்ணாச்சி சறுக்கிவிட்டார். நம் ஊர் வெட்டரிவாளுக்கு முழுநீள வால் ஏது? கூம்பிய வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கி, வாயில் இரும்புப் பூண் மாட்டியிருப்பார்கள். தலைமுறை கடந்து உழைக்கிறது. பிடி தளர்ந்தால் கொல்லர் பட்டறையில் டீ குடித்து முடிப்பதற்குள் வேறு பிடி போட்டுத் தந்துவிடுவார். முழுநீள வாலில் பிடிச்சில்லு உடைந்தால் ஆணி அறுத்து, துளை பார்த்து, பசை வைக்க வேண்டும். ஆகவே வாலின் நீளத்தைவிட, அது இறங்கியிருக்கும் விதமே முக்கியம் என்பது என் எண்ணம்.

கடனாநதி சொல்வதும் எனக்கு முழுதாக ஏற்கவில்லை. என் தாத்தா பனையேறி. மட்டை கழிக்க ஓர் அரிவாள், பாளை சீவ ஓர் அரிவாள். பாளை அரிவாளால் ஓர் ஓலையைக்கூட நறுக்க எங்களை விடமாட்டார். பாளையை நசுக்கும் கடிப்பு முதற்கொண்டு எல்லாம் இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டியில் இருந்தன. பிடியைக் குடைந்து எதையும் செருக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஐப்பசி அடைமழையில் பிடிக்குள் தீக்குச்சியைப் பூட்டிவைப்பதற்குப் பதிலாக, நனைந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டிப் பொறி எழுப்பக்கூடிய ஃபெரோ ராடு என்ற உலோகக் குச்சி ஒன்றைக் கயிற்றில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சுரண்டுவதற்குக் கத்தியின் முதுகு கூரிய செங்கோண விளிம்பாக இருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் உங்கள் ரம்பப் பல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விறகு பிளக்க முதுகில் கட்டையால் அடித்தாலும் பல் கட்டையைத்தான் தின்னும்.

மணிமுத்தாறு எழுதியது:
இடையில் ஒரு சொல். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துப் பக்கம் யாரும் இந்தக் கத்தியோடு போய்விடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும். எழுத்துமூல அனுமதியின்றி அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பல் இருக்கிறதா இல்லையா என்று வனக்காவலர் பார்க்க மாட்டார்.

கடனாநதி எழுதியது:
ஃபெரோ ராடு பற்றிப் பனங்காட்டான் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. இந்தத் தோப்புக்கு அந்தப் பல் வேண்டாம். குழல் கைப்பிடியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். பெட்டியைத் தொலைத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பொதிகைச்சாரல் எழுதியது:
வெட்டரிவாள் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். இன்று கத்தியைக் கொல்லரிடம் கொண்டுபோய், பல்லை அரைத்து முதுகைத் தட்டையாக்கித் தரக் கேட்டேன். சாணைச் சக்கரத்தில் ஒரேயடியாக அரைத்தால் சூடேறி, எஃகுக்கு உறுதி தரும் தோய்ச்சல் போய்விடும், தண்ணீர் தொட்டுத் தொட்டு அரைக்க ஒரு பொழுதாகும் என்றார். பிடியை ஆட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இந்தக் குழலை வீட்டில் ஊதுகுழலாக்கிக்கொள்ளுங்கள்” என்றும் சொன்னார். மரப்பிடிக்குத் தனிக் கூலி. நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்.