ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள்: உடம்புக்கு யார் பொறுப்பு?

கம்பத்துக்காரன்:
குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கேரளத்து இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்கள். கொண்டை ஊசி வளைவில் ஆட்களை அடைத்துக்கொண்டு போகிறார்கள். அப்புறம் நாள் முழுக்கக் குனிந்து, தூரோடு கிடக்கும் சரத்தில் காய் எடுக்க வேண்டும். அடித்த பூச்சிமருந்து காய்வதற்குள் அதே செடிக்குள் ஆளை விடும் தோட்டங்களும் உண்டு.

ஏலமலை:
எனக்கு 2 ஏக்கர் ஏலம். யாரையும் கட்டாயப்படுத்தி ஏற்றிவரவில்லை. கீழே கிடைப்பதைவிட இங்கே கூலி அதிகம், வருகிறார்கள். மருந்து அடிக்காவிட்டால் இலைப்பேன் தாக்கிக் காய் சொறியாகிவிடும். புத்தடி, போடி ஏலக்காய்ச் சந்தைகளில் சொறிக்காயை என்ன விலைக்குக் கேட்பார்கள்?

கம்பத்துக்காரன்:
அடிக்காதீர்கள் என்று யார் சொன்னது? அடித்த அன்றே அங்கே காய் எடுக்க விடாதீர்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், மருந்தோடு புழங்குபவர்களுக்கான பாதுகாப்பை 2010-லேயே சேர்த்துவிட்டார்கள்.

ஏலமலை:
அது 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்துக்குத்தான் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இல்லை.

தேனி நர்ஸ்:
சிக்கலே அங்கேதான். ஏலம் பெரும்பாலும் சின்னத் தோட்டம். 2025 நவம்பர் வரை இருந்த 1979 புலம்பெயர் தொழிலாளர் சட்டமோ ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலம் போனவர்களுக்கு; சாயங்காலம் வீடு திரும்பும் பெண் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தலைவலி, குமட்டல், கண் எரிச்சலோடு எங்களிடம் வருவார்கள். என்ன மருந்து அடித்தார்கள் என்றால் தெரியாது. நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்று தெரிந்தால் வைத்தியத்தின் போக்கே வேறு. இன்னொன்று, ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வராமல் என்ன செய்யும்?

ஏலமலை:
சரி, மருந்தின் பெயரைக் கங்காணியிடம் எழுதிக் கொடுக்கிறேன், அதில் எனக்கென்ன நஷ்டம். 2 ஏக்கரில் கழிப்பறை எல்லாம் கட்ட முடியாது. அரசு கட்டட்டும்.

கம்பத்துக்காரன்:
எந்த அரசு? இங்கே கேட்டால் வேலை கேரளாவில் என்பார்கள், அங்கே கேட்டால் ஆள் தமிழ்நாடு என்பார்கள். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மட்டும் இடம் இருக்கிறதா?

ஏலமலை:
ஸ்டோர் என்னுடையது இல்லை. பக்கத்தில் ஒருவருடையது. நாங்கள் பலர் சேர்ந்து அங்கேதான் கூலி கொடுத்து உலர்த்துகிறோம்.

தேனி நர்ஸ்:
அதே பலர் சேர்ந்து ஒரு கழிப்பறை கட்ட முடியாதா, சார்?