புதுப்பிப்பு: பைபர் படகின் பழுப்புக்கறை போய்விட்டது

முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் ஓடும் எங்கள் பைபர் படகில் நீர்மட்டத்தை ஒட்டிப் படிந்த பழுப்புக்கறை எதற்கும் போகவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது ஆக்சாலிக் அமிலம். சோப்புத்தூளும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப்பிசுக்கை மட்டும் எடுத்தன. இலைச்சாறும் இரும்பும் சேர்ந்த கறைக்கு இந்த அமிலம்தான் சரி. தூளை வெந்நீரில் கரைத்தேன். செங்குத்தான பக்கத்தில் வழிந்து ஓடியதால், ஆறிய மைதாக் கஞ்சியில் கலந்து பூசினேன். காயவிடாமல் கால்மணி நேரம் வைத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், தேய்க்கவே வேண்டாம். உப்புத்தாள் போடச் சொன்னவர்கள் மன்னிக்கணும், படகின் பளபளப்பான மேல்பூச்சு (ஜெல்கோட்) ஏற்கெனவே மெல்லிசு.

கையுறை, கண்ணாடி கட்டாயம். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. பிளீச்சோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். தனியாகப் போட்டாலும் பிளீச் துருவை எடுக்காது.

எதிர்பாராதது இரண்டு. கறையோடு பழைய மெழுகும் போய்ப் படகு மங்கலாகிவிட்டது. ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பசையைப் போட்டுத் தேய்த்து மறுபடி மெழுகு பூச வேண்டியிருந்தது. அப்புறம், ஒரு போல்ட்டுக்குக் கீழே மட்டும் செம்பட்டைக் கோடு திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்தால் சாதா இரும்பு. துருப்பிடிக்காத எஃகு போல்ட் மாற்றிய பிறகு கோடு வரவில்லை.