ட்ரையர் பிளக்கில் காரைப் போட்டால் 25 நிமிடத்தில் பிரேக்கர் விழுகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்:

வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் 1973இல் கட்டிய வீடு எங்களுடையது. போன மாதம் ஏற்கனவே ஓடிய ஐயோனிக் 5 மின்சாரக் கார் ஒன்று வாங்கினேன், 77.4 கிலோவாட்-மணி பேட்டரி. இதுவரை கராஜில் இருக்கும் சாதாரண 120 வோல்ட் பிளக்கில்தான் போட்டேன். அதில் 12 ஆம்ப்ஸ்தான் வருகிறது, 1.4 கிலோவாட் சொச்சம். வேலைக்கு மிசிசாகா போய்வர 90 கிலோமீட்டர், இரவு முழுக்கப் போட்டும் அந்தக் கணக்கு நேராகவில்லை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வெள்ளிக்கிழமை வரும்போது 15 சதவீதத்தில் நிற்கிறது.

கராஜ் சுவருக்கு மறுபக்கம்தான் எங்கள் லாண்டரி அறை. அங்கே துணி காயவைக்கும் ட்ரையருக்கு நாலு துளை பிளக் இருக்கிறது, நெமா 14-30 என்ற 30 ஆம்ப்ஸ் வகை. தெரிந்த ஒருவரிடம் 40 ஆம்ப்ஸ் சார்ஜர் பெட்டி ஒன்று வாங்கினேன், அதன் பிளக் 14-50, அதாவது 50 ஆம்ப்ஸ் வகை. இரண்டுக்கும் நடுவில் போட ஒரு குட்டி அடாப்டர் இணையத்தில் வாங்கி மாட்டினேன். கார் நன்றாக ஏற ஆரம்பிக்கிறது, ஆனால் 20, 25 நிமிடத்தில் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. மூன்று இரவாக இதே கதை. பிரேக்கர் பழசு என்பதால் 40 ஆம்ப்ஸ் பிரேக்கராக மாற்றினால் சரியாகுமா?

பதில் 1 (மார்க்கம், எலக்ட்ரீஷியன் வேலை):

தம்பி, பிரேக்கரை மட்டும் மாற்றாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் இருக்கும் வயர் 30 ஆம்ப்ஸுக்குப் போட்டது. பிரேக்கர் காப்பாற்றுவது அந்த வயரைத்தான். 40 போட்டால் பிரேக்கர் விழாது, வயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது நடப்பது இதுதான். காருக்கு எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்று சொல்வது அந்தப் பெட்டி. அது எந்தப் பிளக்கில் மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் வாங்கிய அடாப்டர் பின்களின் வடிவத்தை மாற்றுகிறதே தவிர பெட்டிக்கு எதையும் சொல்வதில்லை. அதனால் பெட்டி “40 எடு” என்கிறது, காரும் எடுக்கிறது, 30 பிரேக்கர் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு விழுகிறது. பிரேக்கரில் எந்தக் குறையும் இல்லை.

மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு 80 சதவீதம்தான் எடுக்கலாம். 30க்கு 24 ஆம்ப்ஸ். 240 வோல்ட்டில் அது 5.76 கிலோவாட், உங்கள் 90 கிலோமீட்டருக்குத் தாராளம். பெட்டியில் ஆம்ப்ஸ் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் பட்டன் இருக்கும், சிலவற்றில் மூடிக்குள் சின்ன ஸ்விட்ச் இருக்கும்.

கேட்டவர்:

நன்றி அண்ணா. பட்டன் இருக்கிறது, 16, 24, 32, 40 என்று வருகிறது. கார் மெனுவிலும் குறைக்கலாம் போலிருக்கிறது, அதில் குறைத்தால் போதாதா?

பதில் 1:

பெட்டியில்தான் குறைக்க வேண்டும். நாளைக்கு உறவினர் வீட்டுக்கு வந்து அவர் காரை அதில் மாட்டினால் உங்கள் கார் மெனு அங்கே உதவாது. 24இல் வைத்துவிட்டு, முதல் இரவு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

பதில் 2 (நியூ ஜெர்சி):

எங்கள் பழைய வீட்டில் ட்ரையர் பிளக்குக்கு மூன்று துளைதான், 10-30. அதில் இரண்டு லைன், ஒரு நியூட்ரல், தனி எர்த் கிடையாது. அமெரிக்காவில் 1996 மின்விதியிலிருந்துதான் புதிதாகப் போடும் ட்ரையர் லைனுக்கு நாலு வயர் கட்டாயமானது. நான் அதைத் தொடாமல் புது லைன் இழுத்துவிட்டேன். உங்களுக்கு நாலு துளை இருப்பது நல்லது. ஒன்று கேட்கிறேன், கேபிள் சுவர் வழியாகவா போகிறது? இந்த மாதிரி வளையும் கேபிளைச் சுவர் ஓட்டைக்குள் விடக் கூடாது.

கேட்டவர்:

இல்லை, லாண்டரி அறைக்கும் கராஜுக்கும் நடுவில் இருக்கும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து விடுகிறேன்.

பதில் 3 (பிராம்ப்டன்):

அந்தக் கதவை இரவில் திறந்து வைக்காதீர்கள் தயவுசெய்து. கராஜில் இன்னொரு பெட்ரோல் கார் நின்றால் அதன் புகை வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தக் கதவுதான். தீப்பிடித்தாலும் அதுதான் தடுப்பு. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேட்டவர் (நாலு நாள் கழித்து):

24இல் வைத்த பிறகு பிரேக்கர் விழவே இல்லை, மூன்று இரவு நிம்மதி. ஆனால் இன்று காலை ட்ரையருக்காகப் பிளக்கைக் கழற்றும்போது கை சுட்டது. ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், லேசாகப் பிளாஸ்டிக் கருகிய வாசம். கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பமும் இதே ட்ரையரைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் தினமும் கழற்றி மாட்டுகிறேன். அளவு சரியாக இருந்தும் ஏன் சூடாகிறது?

பதில் 1:

அந்தப் பிரேக்கரை இப்போதே ஆஃப் செய்யுங்கள். காரையும் வேண்டாம், ட்ரையரையும் வேண்டாம், யாராவது திறந்து பார்க்கும் வரை.

அளவு சரிதான், இணைப்பு சரியில்லை. ட்ரையர் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஓடும், அதிலும் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும், நடுவில் எல்லாம் ஆறிவிடும். கார் எட்டு மணி நேரம் ஒரே சீராக 24 ஆம்ப்ஸ் இழுக்கும். ஒரு ஸ்க்ரூ கால் சுற்று தளர்ந்திருந்தால் ட்ரையர் இருபது வருஷம் ஓடும், கார் மூன்று இரவில் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் கழற்றி மாட்டுவதால் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடியும் தளர்ந்துபோகும், வீட்டுச் சாதாரண பிளக் அதற்காகச் செய்ததல்ல.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. 1973 வீடு என்கிறீர்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் கடைசி வரை இங்கே நிறைய வீடுகளில் அலுமினிய வயர் போட்டார்கள். அலுமினியம் ஸ்க்ரூவுக்கு அடியில் மெல்ல நசுங்கி இடம் விடும், மேலே ஆக்சைடு படியும், இரண்டும் சேர்ந்தால் சூடு. பிளக்கில் அலுமினியத்துக்கும் செம்புக்கும் ஏற்றது என்று குறி இருக்க வேண்டும். நீங்களே திறக்காமல் உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்டாரியோவில் இந்த வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் வண்டியிலேயே உரிம எண் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் ஆணையத்தின் சான்றுத் தாளை வாங்கி வையுங்கள், காப்புறுதிக்காரர் கேட்டால் காட்டலாம்.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். அலுமினிய வயர், ஒரு ஸ்க்ரூ கையாலேயே சுற்றியது, அந்த முனை கருகியிருந்தது. வெட்டி விட்டுத் திரும்ப இணைக்க வயரில் நீளம் மிச்சமில்லை. வந்த எலக்ட்ரீஷியன் பிரேக்கர்கள் இருக்கும் பேனலிலிருந்து 10 கேஜ் தடிமன் செம்பு வயர் புதிதாக இழுத்து, தொழிற்சாலைகளில் போடும் தரத்தில் 14-30 பிளக் வைத்தார், ஸ்க்ரூவை அளவுக் கருவி கொண்டு முறுக்கினார். கராஜுக்குத் தனியாகப் பெரிய லைன் இழுக்க முடியாதா என்று கேட்டேன். வீட்டுக்கு வருவது 100 ஆம்ப்ஸ், மின்னடுப்பு, ஏசி, ட்ரையர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இடமில்லை என்றார். அதனால் அந்த 30 லைனையே கராஜ் சுவர் வரைக்கும் குழாய்க்குள் கொண்டுபோய், ட்ரையருக்கும் காருக்கும் நடுவில் ஒரு பகிர்வுப் பெட்டி வைத்தார். ட்ரையர் ஓடினால் கார் நிற்கும், துணி காய்ந்ததும் தானாகத் தொடரும். பிளக்கைக் கழற்றும் வேலையும் இல்லை, கதவும் மூடியிருக்கிறது.

பதில் 3:

மிக்க சந்தோஷம். இரவுக் கட்டணத்துக்கு மாறிவிட்டீர்களா? 2023இல் கொண்டுவந்த அதிமலிவு இரவுத் திட்டம், இரவு 11 முதல் காலை 7 வரை. ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை யூனிட் விலை அதிகம், சமையலும் அந்த நேரத்தில்தான் என்பதால் கணக்குப் பார்த்து மாறுங்கள். அந்த எட்டு மணி நேரத்தில் உங்களுக்கு 46 யூனிட் வரை ஏறும். 90 கிலோமீட்டருக்குக் கோடையில் 17, 18 போதும், குளிரில் 25ஐத் தொடும்.

பதில் 1:

அவ்வளவு மிச்சம் இருப்பதால் நான் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்து வைப்பேன். இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தோடு கூடும், 24லிருந்து 20க்கு வந்தாலே சூடு 30 சதவீதம் குறைந்துவிடும். உங்கள் பட்டனில் 20 இல்லை, அதனால் பெட்டி 24இலேயே இருக்கட்டும், அதற்கு மேல் கார் மெனுவிலும் ஒரு படி குறையுங்கள்.

கேட்டவர்:

மாறிவிட்டேன், கார் மெனுவிலும் குறைத்துவிட்டேன். நேற்று இரவு ஒரு மணிக்கு எழுந்து போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுகூட இல்லை. கீழ் வீட்டு அக்காவிடமும் இனி எப்போது வேண்டுமானாலும் துணி போடலாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குட்டி அடாப்டரை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெட்டிப் போட்டுவிட்டேன்.