புதுப்பிப்பு: அடைப்பு இல்லை என்றபின் சித்திக்கு எடுத்த இதய எம்ஆர்ஐ

பாம்பனில் கடல்பாசி எடுக்கும் என் சித்திக்குத் தாடைவலியும் மூச்சிரைப்பும் இருந்தும் ஆஞ்சியோகிராமில் (இதயத் தமனிகளில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) அடைப்பு இல்லை என்று வந்ததால், அடுத்து எந்தப் பரிசோதனை செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மதுரையில், இரத்தக்குழாய்களை விரிவடையச் செய்யும் அடினோசின் மருந்து செலுத்தி இதய எம்ஆர்ஐ எடுத்ததில், இதயத்தசையின் உட்பகுதிக்கு இரத்தம் குறைவாகச் செல்வது தெரிந்தது. ஆஞ்சியோகிராம் பெரிய தமனிகளையே காட்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண் இரத்தக்குழாய்கள் அதில் தெரியா, சித்திக்கு இருக்கும் அவற்றின் கோளாறோ பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. கதிர்வீச்சில்லாத இந்த எம்ஆர்ஐ பரிசோதனைக்கு முதல் நாளிலிருந்தே டீ, காபி கூடாது, ஏனெனில் கஃபீன் அடினோசினின் வேலையைத் தடுத்துவிடும். சித்தியை அதற்கு இணங்க வைப்பதே பெரும்பாடாயிற்று. ஆனால் படமெடுக்க மூச்சை அடக்கச் சொன்னபோதெல்லாம், கடலில் முங்கிப் பழகியவர் என்பதால் சற்றும் திணறவில்லை. வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது மாத்திரைகள் தொடங்கியுள்ளன.