மூன்று படி ஏறிப் போன வீடு

வியாசர்பாடியில் எங்கள் ஆயா வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது, ஏறித்தான் உள்ளே போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு அப்படியேதான் இருக்கிறது, ரோடுதான் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை நிதி வரும்போதும் பழைய தார் மேலேயே புதுத் தார். வட சென்னைக்குப் பணமே வரவில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எங்கள் தெருவுக்கு வந்த பணம்தான் மழைத்தண்ணீரைக் கட்டில் கால் வரைக்கும் கூட்டி வந்தது.

2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று எழுதியது பேப்பரில் வந்ததே, அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். 2024 மார்ச்சில் 4,181 கோடியில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அப்புறம் கொஞ்ச நாளில் எங்கள் தெருவுக்கும் ரோடு என்றார்கள், அது எந்தக் கணக்கோ தெரியாது. ஜல்லி கொட்டிய அன்று மேஸ்திரியிடம் படத்தைக் காட்டினேன். “எஸ்டிமேட்ல மில்லிங் இல்ல தம்பி” என்றார், அதாவது சுரண்டும் வேலை கணக்கிலேயே இல்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு அக்கா ரோட்டு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். “சுரண்டிட்டுப் போடு, இல்லன்னா போடவே போடாத.” நாலாவது நாள் மெஷின் வந்தது. இரண்டு விரல்கடைதான் சுரண்டினார்கள், ஆனாலும் அந்த மழைக்குத் தண்ணீர் வாசலோடு நின்றது.

*

உங்கள் பதிவைப் படித்தேன் அண்ணா, அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு. என் கதை ரோடு இல்லை, படிக்க இடம். எங்கள் வீடு கொளத்தூர்ப் பக்கம், ஒரே ரூம், ஐந்து பேர், ஓயாத டிவி. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் படித்தேன், வெயில் நகர நகர நானும் நகர்வேன். 2024 நவம்பரில் ஜெகந்நாதன் தெருவில் முதல்வர் படைப்பகம் என்று, படிக்கவும் வேலை பார்க்கவும் ஓர் இடம் திறந்தார்கள். முதல் நாள் கண்ணாடிக் கதவைப் பார்த்து ஏதோ ஐடி கம்பெனி என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் செக்யூரிட்டி தாத்தாதான் “படிக்க வந்தியாம்மா, உள்ள போ” என்றார். ஒரு நாற்காலி, ஒரு ப்ளக் பாயின்ட், “தண்ணி பிடிடி” என்று யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம்.

அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் தொகுதி என்பதால்தான் உங்களுக்கு முதலில் கிடைத்தது என்று என் தோழி சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள்.